உச்சி மாடியில எடுத்த போட்டோ

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. பனங்கிழங்கு மிதிபட்டுட்டா சம்மந்தகார வீட்ல கொண்டுபோய் வைக்க முடியாது. கரும்பு உங்க தோள்ல இடிக்கா? கண்டக்டர் பஸ்ஸுக்கு மேல போடச் சொன்னான், நாந்தான் மாட்டேன்னுட்டேன். மேல போட்டா நுனி ஒடிஞ்சிரும். நுனி ஒடிஞ்ச கரும்பப் பொங்கப்படிச் சீருல வைக்கக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா.

சங்கரன்கோயிலுக்கா போறிய? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். மகளைக் கொடுத்த ஊரு. கல்யாணமாகி இது மூணாவது பொங்கப்படி. மக அங்க இல்ல, துபாய்ல இருக்கா. இல்லாட்டா என்ன, மாமனார் மாமியார் இருக்காவல்லா. பெத்தவன் உசுரோட இருக்கது வரைக்கும் தை பொறக்கதுக்கு முன்னால படி போய் எறங்கிரணும். பானை, அரிசி, வெல்லம், மஞ்சக்குலை, சிறுகிழங்கு, எல்லாம் பாத்துப் பாத்து வாங்கியிருக்கேன்.

ஆம்பள ஒத்தையில தூக்கிட்டுப் போறானேன்னு பாக்கிய. பஸ் ஸ்டாண்டுலயும் ஒரு அம்மா கேட்டா. வீட்டுக்காரிக்கு முட்டு வலின்னு சொன்னேன். அது பொய்யி. அவ எங்கூடப் பேசி நாப்பது நாளாச்சு. சோறு பொங்கி வச்சிருவா, தட்டு வைப்பா, தண்ணி வைப்பா. வாயத் தெறக்க மாட்டா. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

டிக்கெட்டா? அது இந்தா, வாட்ச் வாருக்குள்ள செருகியிருக்கேன். சட்டைப் பையில இப்ப நான் ஒண்ணும் வைக்கிறதில்ல. அத விடுங்க.

எம்பேரு ஆவுடையப்பன். சர்வேயர். மானூர்லருந்து தேவர்குளம் வரைக்கும் ஆவுடையப்பன் சர்வேயர்னா தெரியாத ஆளு கெடையாது. ரிட்டயர்டு ஆகி நாலு வருசமாச்சு. இந்தா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரண்டு எடுக்குத காத்தாடி நிக்கே, அதுக்குக் கீழ கெடக்க நெலம் பூரா நான் நடந்து அளந்தது. முப்பத்திரெண்டு வருசம். ஒரு கல்லை ஒரு சாண் நகத்துனான் ஆவுடையப்பன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். என் சொந்தத் தங்கச்சி மாப்பிள்ளை வந்து கெஞ்சுனான், "மச்சான், ஒரே ஒரு முழம்"னு. முடியாதுன்னுட்டேன். கல்லு நட்டா நட்டதுதான். அதுலருந்து தங்கச்சி வீட்ல பேச்சுவார்த்தை இல்ல. இல்லாட்டிப் போகுது.

சர்வேயருக்கு இன்னொரு வேதம் உண்டு. ஒரு ரெக்கார்டு யார் வசத்துலருந்து நம்ம கைக்கு வந்துதோ, அவன் வசமே திருப்பிக் கொடுத்துரணும். நடுவுல வந்து நாலு பேரு கண்ணீர் விடுவான், கையெடுத்துக் கும்பிடுவான். அதுக்கெல்லாம் எளகுனா இந்த வேல பாக்க முடியாது. இத மனசுல வச்சுக்கிடுங்க. பின்னால சொல்லுதேன்.

கார்த்திகை மாசம் மாப்பிள்ளை போன் போட்டாரு. செந்தில்வேலு அவரு பேரு. நானா தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை. "மாமா, ஒரு பத்து நாளைக்கு வந்து இருந்துட்டுப் போங்க. உங்க மகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா ஏற மாட்டேங்கு"ன்னாரு. டிக்கெட்டும் அவரே எடுத்து அனுப்பிட்டாரு. எந்த மருமகன் அண்ணாச்சி இந்தக் காலத்துல மாமனாருக்கு ஏரோப்பிளேன் டிக்கெட் எடுப்பான்? வீட்டுக்காரிக்கு பாஸ்போர்ட்டு கெடையாது. நான் மட்டும் கெளம்பிட்டேன்.

போய்ப் பாத்தா புள்ள மெலிஞ்சிருந்தா. பகவதின்னு பேரு, எங்கம்மை பேரு. முழுக்கை வச்ச சுடிதாரு. அந்த ஊரு வெக்கையில முழுக்கை எதுக்குளான்னேன். ஏசி குளிருதுன்னா. முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருந்துச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டாளாம். சின்னப் புள்ளையிலருந்தே அவளுக்குக் கால் தரையில பாவாது.

வீடுன்னா வீடு, கண்ணாடி கணக்கா வச்சிருக்காரு மாப்பிள்ளை. ஹால்ல மூலையில ஒரு கேமரா. ஆபீசுல இருந்துக்கிட்டே இங்க என்ன நடக்குன்னு போன்ல பாத்துக்கிடுவாரு. அதுல மைக்கும் உண்டு. பேசுனா கேக்கும். நான் காலையில எந்திச்சதும் கேமராவப் பாத்து ஒரு வணக்கம் வைப்பேன். அவரு ஆபீசுல இருந்து, "மாமா, காப்பி குடிச்சாச்சா?"ன்னு கேப்பாரு, பொட்டி உள்ள இருந்து சத்தம் வரும். என்னா விஞ்ஞானம் பாருங்க.

வேலைக்குப் போம்போது வெளிய பூட்டிட்டுப் போயிருவாரு. ஆமா, நான் உள்ள இருக்கும்போதுதான். பத்து நாளும். ஊரு அப்படி, தெரியாதவன் பூரா சுத்துதான், பத்திரமா இருக்கணும்லா. எனக்கு ஒண்ணும் மூச்சு முட்டல. பேப்பர் படிச்சேன், தூங்குனேன், டிவி பாத்தேன். பத்து நாளு நான் இருக்க முடியும்னா ரெண்டரை வருசம் அவ இருக்க முடியாதா? சொல்லுங்க.

நான் புத்தி சொன்னேன். சொல்லாம இல்ல. கேமராவுக்கு முன்னாலயே உக்காந்து சொன்னேன், மாப்பிள்ளையும் கேக்கட்டும்னுதான். வீட்டுக்கு வீடு வாசப்படி. பொறுத்தார் பூமியாள்வார். பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாவ? அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. "சரிப்பா"ன்னா. எல்லாத்துக்கும் "சரிப்பா"தான். சரின்னு சொல்லுத புள்ளைக்கு என்ன கொறைன்னு நான் நெனச்சேன்.

கெளம்புறதுக்கு முந்தின நாளு. மாப்பிள்ளை சொல்லுதாரு, "மாமா, உலகத்துலயே உசரமான கட்டடம் இங்கதான் இருக்கு. மேல ஏறிப் பாக்கணும்னு ஆசைப்படுதியளாம். பகவதி சொன்னா." நான் ஆசைப்பட்டேன்னு சொல்லவே இல்ல அண்ணாச்சி. ஆனா கேட்டதும் ஆசை வந்துருச்சு. சர்வேயர் புத்தி. எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல ஒரு பாறையிலயோ கொளத்துக் கரையிலயோ ஏறி நிப்பேன். அப்பத்தான் எடம் பிடிபடும். அங்க பத்து நாளும் நாலு சுவரத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு உசரம் ஆகாது. தலை சுத்தும். வீட்டுப் பால்கனியிலயே நிக்க மாட்டாரு. அதனால எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சீட்டு எடுத்துட்டு, கீழ காப்பிக் கடையில உக்காந்துக்கிட்டாரு. "ஒரு மணி நேரம் மாமா. போன ஆன்ல வச்சுக்கிடச் சொல்லுங்க அவள"ன்னாரு. அவ வீட்லயே போன வச்சுட்டு வந்துட்டா. மறந்துட்டேன்னா. அவரு மொகம் ஒரு மாதிரி ஆச்சு. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சீட்டக் கொடுத்தாரு. நாலு பேரு இருக்க எடத்துல அவரு சத்தமே போட மாட்டாரு.

லிப்டு போற வேகம் இருக்கே! மாடி நம்பரு ஓடிக்கிட்டே இருக்கு. காது அடச்சிருச்சு. "எச்சிய முழுங்குங்கப்பா"ன்னா. அவ்வளவுதான், கதவு தெறந்தா வெளிச்சம். ஏ அப்பா! சுத்திலும் கண்ணாடி. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மணலு, நடுவுல ஊரு. ரோடெல்லாம் அளக்குத செயின் பிடிச்சு இழுத்த மாதிரி நேரா போகுது. ஒரு கோணல் இல்ல. இந்த ஊர்ல எவனும் வரப்பு வெட்டித் திங்க மாட்டான்னு நெனச்சேன். காரெல்லாம் எள்ளு செதறுன மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு அண்ணாச்சி. எவ்வளவு உசரத்துல ஏறியிருக்கேன் என் சர்வீஸ்ல, இப்படி ஒரு உசரம் கெடைக்கலையே.

நான் கெழக்கு எது, தெக்கு எதுன்னு சூரியன வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். பெரிய கொழாய் ஒண்ணு வச்சிருக்கான், கண்ண வச்சுப் பாத்தா தூரத்துல உள்ளது கிட்ட வரும். இவ என் சட்டையப் பிடிச்சு இழுக்கா. "அப்பா, ஒரு விசயம் சொல்லணும்." செத்த இரு, பாக்க விடுளான்னேன். "அப்பா, ஒரு மணி நேரந்தான்ப்பா இருக்கு." அதுக்குத்தான் சொல்லுதேன், பாக்க விடுன்னேன்.

நான் என்ன பண்ணேன்னா, அவ வீடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சேன். வரும்போது கார்ல எத்தன திருப்பம், எந்தப் பக்கம்னு மனசுல போட்டு வச்சிருந்தேன். அந்தக் கொழாயத் திருப்பி, ரெண்டு கோபுரம் உள்ள பள்ளிவாசலப் பிடிச்சேன். அங்கருந்து வடக்க நாலாவது கட்டடம். மஞ்சக் கலரு, மொட்டை மாடியில பச்சைத் தண்ணித் தொட்டி. "ஏளா, உன் வீடு! இந்தா, உன் அடுக்களை ஜன்னலு!"ன்னு கத்துனேன். பக்கத்துல நின்ன வெள்ளக்காரன் சிரிச்சான். இத்தனை ஆயிரம் கட்டடத்துல என் மக இருக்க எடத்த நான் கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி. எவனால முடியும்?

அவ வந்து கொழாய்ல கண்ண வச்சா. ரொம்ப நேரம் பாத்தா. பொறவு சொல்லுதா, "அந்த ஜன்னல்லருந்து பாத்தா இந்தக் கட்டடத்து உச்சி மட்டும் தெரியும்ப்பா. தெனமும் பாப்பேன். அங்க இத்தன பேரு நிக்காவளே, ஒருத்தர் கண்ணுலயாவது நான் பட மாட்டேனான்னு நெனப்பேன்." சொல்லிட்டு அழுதா. சத்தமில்லாம. வெளிநாட்டுக்காரங்க பூரா பாக்காங்க. எனக்கு மானம் போச்சு. அழுறதுக்கா டிக்கெட் எடுத்து வந்தோம்?

ஒரு ஓரமா கூட்டிட்டுப் போனேன். அங்க வச்சு முழுக்கையச் சுருட்டிக் காட்டுனா. முழங்கைக்கு மேல. நான் பாத்தேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன். இஸ்திரிப் பெட்டி பட்ட தடம் மாதிரி இருந்துச்சு. "அவரு அடிக்காருப்பா. பல்லு வழுக்கி விழுந்து ஒடயல. என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இங்க இருந்தா நான் செத்துருவேன்"னா.

நான் என்ன சொல்லுவேன்? அடிக்கிற கைதான அணைக்கும். நானும் உங்கம்மைய ரெண்டு போட்டிருக்கேன், அவ என்ன ஓடியா போய்ட்டான்னு கேட்டேன். ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போகும்னேன். அதுக்கு அவ சொன்ன பதில் உங்ககிட்ட சொல்ல முடியாது. வயித்துல ரெண்டு தடவ நின்னு கலஞ்சிருக்கு. எப்படிக் கலஞ்சுதுன்னும் சொன்னா. அப்பன்ட்டச் சொல்லுத விசயமா அது?

அப்புறம் கைப்பையத் தெறந்து, அடியில துணிக்குள்ள பொதிஞ்சு வச்சிருந்த பாஸ்போர்ட்ட எடுத்தா. அவ பாஸ்போர்ட்டு. காலையில மாப்பிள்ளை என் பாஸ்போர்ட்ட எடுத்துக் கொடுக்கதுக்கு இரும்பு அலமாரியத் தெறந்திருக்காரு. அந்த நேரம் அவருக்குப் போன் வந்து பால்கனிப் பக்கம் போயிருக்காரு. இவ எடுத்துட்டா. எதுத்த வீட்ல ஒரு மலையாளத்து நர்ஸம்மா இருக்கா, ஷைனின்னு. அவ நான் போற அதே பிளேன்ல இவளுக்கும் ஒரு சீட்டு போட்டு வச்சிருக்காளாம். எல்லாத்தையும் இந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் ஜன்னல் வழியாவே பேசி முடிச்சிருக்காளுவ!

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. இத உங்க சட்டைப் பையில வச்சுக்கிட்டாப் போதும். என் பையத் தெனமும் தடவிப் பாப்பாரு. உங்க பையத் தொட மாட்டாரு. காலையில அப்பாவ ஏத்தி விட ஏர்போர்ட்டுக்கு வாரேன்னு சொல்லுவேன். நீங்க இருக்கும்போது முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. உள்ள போம்போது எங்கிட்டக் கொடுத்துருங்க. அவ்வளவுதான்ப்பா." இதான் அவ சொன்னது. ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல.

நான் வாங்கி வச்சுக்கிட்டேன். இந்தப் பையில, இந்தச் சட்டைதான். என்ன பண்ணச் சொல்லுதிய? பெத்த புள்ள அத்தன பேரு நடுவுல கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அந்த நேரம் எனக்கும் மனசு எளகிருச்சு. சரிளா, அழாதன்னேன். சரின்னுதான் சொன்னேன், கூட்டிட்டுப் போறேன்னு நான் சொல்லல. அத வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கா.

அதுக்குப் பொறவு பாருங்க, புள்ள அப்படியே மாறிட்டா. மொகத்தக் கழுவிட்டு வந்தா. கண்ணாடிக்கிட்ட போய் நின்னுக்கிட்டு, "அப்பா, நம்ம ஊரு எந்தப் பக்கம்?"னு கேட்டா. கைய நீட்டிக் காட்டுனேன், மணலு முடிஞ்சு அதுக்கு அங்கிட்டு உள்ள கடலயும் தாண்டி, தெக்கயும் கெழக்கயும் நடுவுல. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னா. "அம்மை இப்ப விளக்கு பொருத்தியிருப்பால்லா?"ன்னா. அங்க நம்ம ஊரவிட ஒண்ணரை மணி நேரம் பின்னால. இருக்கும்னேன். அங்க ஒருத்தன் போட்டோ எடுத்துக் கொடுக்கான். அவளே என்னைய இழுத்துட்டுப் போயி நிக்க வச்சா.

கீழ எறங்குத லிப்டுல எனக்கு யோசன வந்துருச்சு. உசரத்துல இருக்கும்போது எல்லாம் சின்னதாத் தெரியும் அண்ணாச்சி, அதான் கோளாறு. கீழ வர வரத்தான் அதது அதோட அளவுக்கு வருது. நாளைக்கு நான் இவளக் கூட்டிட்டுப் போயி எறங்குனா ஊரு என்ன சொல்லும்? ஊர் வாய மூட உலைமூடி ஏது? நான் பாத்துக் கட்டி வச்ச மாப்பிள்ளை. அவரு டிக்கெட் எடுத்து, அவரு வீட்டுச் சோறத் தின்னுட்டு, அவரு அலமாரியில இருந்து எடுத்த பொருளை என் பையில வச்சுக்கிட்டுத் திருடன் மாதிரி போறதா? ஆவுடையப்பன் சர்வேயரா அப்படிச் செய்யுதது?

காப்பிக் கடையில மாப்பிள்ளை எந்திச்சு நின்னாரு. "நல்லாப் பாத்தியளா மாமா?"ன்னு கேட்டு, எனக்கு ஒரு பேரீச்சம்பழப் பொட்டி வாங்கி வச்சிருந்தாரு. வீட்டுக்காரிக்குன்னு தனியா ஒரு பொட்டி. கார்ல நான் முன் சீட்டு, பகவதி பின்னால. சீட்டு பெல்ட்டப் போடும்போது பையில இருந்தது நெஞ்சுல குத்துச்சு. எடுத்துக் கொடுத்துட்டேன். "மாப்பிள்ளை, புள்ள வெவரமில்லாம இத எடுத்துட்டு வந்துட்டா. உங்க அலமாரியிலயே வச்சிருங்க"ன்னேன்.

என்னங்கிய? அது அவ பேர்ல உள்ள பாஸ்போர்ட்டுல்லான்னா? பேரு அவ பேருதான். வசம் யார் வசம்? அதச் சொல்லுங்க. பட்டா ஒருத்தன் பேர்ல இருக்கும், நெலம் இன்னொருத்தன் அனுபவத்துல இருக்கும். நான் யார்ட்டருந்து வந்துதோ அங்க ஒப்படச்சேன். அவ்வளவுதான். நீங்களும் வீட்டுக்காரி மாதிரியே கேக்கியளே.

அவரு கோவப்படுவாருன்னு நெனச்சேன். படல. வாங்கிப் பாத்தாரு, சட்டைப் பையில வச்சாரு, "சரிங்க மாமா"ன்னாரு, வண்டிய எடுத்தாரு. பாட்டுகூட போட்டு விட்டாரு. அவ என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. முன் சீட்ல இருந்தேன்லா, திரும்பிப் பாக்கல.

காலையில ஏர்போர்ட்டுக்கு அவ வரல. தலைவலின்னு படுத்திருக்கான்னாரு மாப்பிள்ளை. அவ ரூம் கதவுக்கு முன்னால நின்னு, "ஏளா பகவதி, அப்பா போய்ட்டு வாரேன்"னு சொன்னேன். சத்தமில்ல. ரெண்டாவது தடவயும் சொன்னேன். கதவு வெளிப்பக்கமா தாப்பா போட்டிருந்துச்சு. தூங்குத புள்ளைய யாரும் எழுப்பிரக் கூடாதுன்னு போட்டிருப்பாரு. ஆமா, வீட்ல நாங்க மூணு பேருதான். எனக்கு பிளேனுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

அதுக்குப் பொறவு அவ போன்ல கெடைக்கல. மாப்பிள்ளைக்குப் போட்டா மொதல்ல எடுத்தாரு. தூங்குதா மாமா. குளிக்கா மாமா. பேசப் பிரியமில்லைங்கா மாமா. மார்கழி பொறந்ததுலருந்து அவரும் எடுக்கல. அதுக்கு முந்தியே, நான் வந்து எறங்குன மறுநாளே, அந்த நர்ஸம்மா வீட்டுக்காரிக்குப் போன் போட்டுட்டா. இவளுக்குப் போட்ட டிக்கெட்டோட ஏர்போர்ட்டுல காத்துக்கிட்டு நின்னாளாம், அழுதாளாம், எல்லாத்தையும் சொல்லிட்டா. பாஸ்போர்ட்ட மாப்பிள்ளைட்ட ஒப்படச்சாச்சுன்னு நானே சொன்னேன். அன்னைக்கு என் வீட்டுக்காரி கேட்ட ஒரே கேள்வி, "உங்க கையாலயா கொடுத்திய?" ஆமான்னேன். அதோட வாய மூடுனவதான்.

போன வாரம் அந்த நர்ஸம்மா திரும்பவும் பேசியிருக்கா. வீடு காலியாம். சாமானெல்லாம் ஏத்திட்டுப் போயிருக்காரு. அவரு ஏத்துனத வாட்ச்மேன் பாத்திருக்கான். பகவதியப் பாத்தியாடான்னு கேட்டதுக்கு, பாக்கலன்னு சொல்லுதானாம். அவன் எந்நேரமும் கண்ண முழிச்சுக்கிட்டா இருப்பான்? வீடு மாத்தியிருப்பாரு. எல்லாரும் மாத்துததுதான.

சம்மந்தகாரருக்குப் போட்டா, "நல்லா இருக்காவ, நல்லா இருக்காவ"ன்னு வச்சிருதாரு. புது வீட்டு அட்ரஸ மட்டும் கேட்டு வாங்கணும். சும்மா போயி நின்னு கேட்டா சந்தேகப்படுதேன்னு நெனப்பாவ. பொங்கப்படியோட போனா ஒண்ணும் நெனைக்க மாட்டாவல்லா? படிய எறக்கி வச்சுட்டு, காப்பி குடிச்சுட்டு, பேச்சோட பேச்சா கேக்கலாம்னு இருக்கேன். ரெண்டு நாளா அவரும் போன எடுக்கல. பொங்கல் வேல, வெள்ளையடிப்பாவ, போன் எங்கயாவது கெடக்கும்.

பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. வெளிய சொல்லக் கூடாது, சொல்லுதேன். சோறு எறங்க மாட்டேங்கு. அங்க நின்னுக்கிட்டு அத்தன ஆயிரம் வீட்ல அவ ஜன்னலக் கண்டுபிடிச்சேன். இப்ப எம்புள்ள எந்தத் திசையில இருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. இருக்காளான்னே... சேச்சே. வாயில வராது அந்த வார்த்தை.

அதெல்லாம் இல்ல. நல்லா இருப்பா. நான் சும்மா சொல்லல, எங்கிட்ட ஆதாரம் இருக்கு. இந்தா, மஞ்சப்பையில வச்சிருக்கேன், உச்சி மாடியில எடுத்த போட்டோ. அட்டையப் பிடிங்க, விரல் படாம. பின்னால தெரியுதுல்லா, அதான் ஊரு. இது கடலு. இந்த ரோடு இருக்கு பாருங்க, இதுல நேரா போயி எடது பக்கம் திரும்புனா அவ இருந்த வீடு. இது நான். இது பகவதி. எப்படிச் சிரிக்கா பாத்தியளா? பல்லு ஒடஞ்சிருக்கது தெரியுமேன்னுகூட நெனைக்காம, வாய் நெறையச் சிரிக்கா. கல்யாண ஆல்பத்துலகூட அவ இப்படிச் சிரிக்கல. அந்தக் கைய எதுக்கு என் நெஞ்சுல வச்சிருக்கான்னா? என் சட்டைப் பையப் பொத்திக்கிட்டு நிக்கா. "பத்திரம்ப்பா"ன்னா, போட்டோக்காரன் அமுக்கிட்டான். கடைசியா அவ எங்கிட்டப் பேசுன வார்த்தை அதான்.

கஷ்டப்படுத புள்ள இப்படிச் சிரிக்குமா? நீங்க சொல்லுங்க. வீட்டுக்காரிட்ட இதக் காட்டுனேன், போட்டோவக் கவுத்து வச்சுட்டுப் போய்ட்டா. நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி. என்ன, எந்திச்சுட்டிய?

பஸ் ஸ்டாண்டு வந்துட்டுல்லா. சரி, போட்டோவக் கொடுங்க. நீங்க மொதல்ல எறங்குங்க, நான் உள்ள இருந்து ஒண்ணொண்ணா நீட்டுதேன். கிழங்கு, அரிசி, இந்தாங்க பானை. கரும்பக் கடைசியாத் தாரேன். மெதுவா வாங்குங்க, நுனி பத்திரம்.